துணைக்குப் போகிறவள்

சின்னமாம்பட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் முதலில் டாக்டரைத் தேட மாட்டார்கள், இருசம்மாளைத்தான் தேடுவார்கள். அவள் கரும்புக் காட்டில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தாலும் சரி, மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாலும் சரி, வரப்பின் மேல் ஓர் ஆள் வந்து நின்று தலையைச் சொறிவார். இருசம்மாள் கைவேலையை நிறுத்தாமலே விசாரிப்பாள். எத்தனை நாளாக, எந்தப் பக்கம், சோறு இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா. கேட்டு முடித்ததும், "பொடவ மாத்திக்கினு வரேன், ஆதார் கார்டை மறக்காம எடுத்துக்க" என்பாள். அதைக் கேட்டதுமே பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

தியாகதுருகத்திலிருந்து டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் சின்னமாம்பட்டு. அதற்கு அப்பால் கரும்புதான். இருசம்மாளுக்கு அதில் ஒரு சென்டு நிலம்கூடக் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. வயது ஐம்பத்து மூன்று. படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வராந்தா எங்கே திரும்பும், எந்தக் கதவு இழுக்க வேண்டியது, எந்தக் கதவு தள்ள வேண்டியது என்பதெல்லாம் அங்கே சம்பளம் வாங்குகிறவர்களைவிட அவளுக்கு அத்துப்படி.

இந்தப் படிப்பு அவளுக்கு வந்தது புருஷன் முனியன் புண்ணியத்தில். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து, கால் இரண்டு இடத்தில் முறிந்து, நாற்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் படுத்தே கிடந்தார், இவள் நடந்தே தீர்த்தாள். எக்ஸ்ரேக்கு ஒரு நடை, ரத்தத்துக்கு ஒரு நடை, கையெழுத்துக்கு ஒரு நடை. முனியனுக்குக் கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டே நின்றுவிட்டது. இருசம்மாள்தான் நன்றாகத் தேறி வந்தாள்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் முன்னால் நோயாளி வாயைத் திறப்பதில்லை. தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வது என்னவோ வெட்கங்கெட்ட காரியம்போல, முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வார்கள். பின்னால் நிற்கிற துணைதான் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். டாக்டர் நோயாளியைக் கேட்பார், நோயாளி துணையைப் பார்ப்பார், துணை பதில் சொல்லும். புதிதாக வருகிற டாக்டர்கள் முதல் மாதம் எரிந்து விழுவார்கள். ஆறாவது மாதம் அவர்களே நோயாளியை விட்டுவிட்டுத் துணையின் முகத்தைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் இருசம்மாளைப் போல ஒரு துணை கிடைப்பது லேசில்லை. அவள் பேரைப் பெரிதாக்கியது உள்ளூர் வீரமணியின் வயிறு. வீரமணிக்கு ஒரு நாள் காலையில் வயிற்றுப் பொருமல். சோடா குடித்துப் பார்த்தார், கேட்கவில்லை. இருசம்மாள் கூடப் போனாள். அவர் முகத்தில் வேர்த்திருந்த வேர்வையைப் பஸ்ஸிலேயே பார்த்துக்கொண்டு வந்தவள், டாக்டரிடம் போனதும் வயிறு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, நெஞ்சு வலி என்றாள். வீரமணிக்குத் திக்கென்றது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஈசிஜி எடுத்தார்கள். இதயம்தான். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து சின்னமாம்பட்டுக்காரர்கள் தங்கள் உடம்பு சொல்வதைவிட இருசம்மாள் சொல்வதைத்தான் நம்பினார்கள். எனக்கு எங்கே வலிக்கிறது என்று அவளையே கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

டாக்டர்களில் எத்தனை ரகம் உண்டு என்று இருசம்மாள் ஊருக்குப் பாடம் எடுத்தாள். அதுவரை ஊருக்குத் தெரிந்தது ஒரே ரகம், ஊசி போடுகிறவர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த டாக்டரம்மா கேள்வி கேட்டு, நாடியைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்து, சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஊசி போடவில்லை. சரி, இது டாக்டர் இல்லை, கணக்கெழுதுகிற பெண் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எழுதுகிறவர்தான் டாக்டர், ஊசி போடுகிறவர் நர்ஸ் என்று அவர்களுக்குப் புரிய வைக்க இருசம்மாளுக்கு மூன்று வருடம் பிடித்தது. இன்னும் சிலருக்குப் புரிந்தபாடில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் கதை வேறு. எலும்புக்கு ஒருத்தர், கண்ணுக்கு ஒருத்தர், தோலுக்கு ஒருத்தர். காது மூக்கு தொண்டை மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒருத்தர். அப்படியானால் அவர்தான் மூன்று மடங்கு பெரிய டாக்டரா என்று முனியன் கேட்டார். எங்கே போவதென்றே தெரியாதவர்கள் பொது மருத்துவத்தில் போய் உட்கார வேண்டும், அவர் பிரித்து அனுப்புவார். வெள்ளைக் கோட்டு பளிச்சென்று இருந்தால் அது படிக்கிற பிள்ளை. கேள்வி நிறையக் கேட்டாலும் படிக்கிற பிள்ளைதான். கோட்டே போடாமல், ஒன்றுமே கேட்காமல், பின்னால் பத்துப் பேர் வர வேகமாக நடந்து போனால் அவர்தான் பெரியவர், வழியை விட்டுவிட வேண்டும். ஸ்கேன் எடுக்கிறவருக்கு உள்ளே இருப்பது எல்லாம் தெரியும், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார், அவரிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் வந்து பல் ஆடுகிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறாரே, அவர் பல் டாக்டர் இல்லை, மயக்க ஊசி டாக்டர். உயிரைக் கையில் வைத்திருக்கிறவர் அவர்தான், ஆனால் பிழைத்து எழுந்த ஒருத்தரும் அவரைத் தேடிப் போய்க் கும்பிட்டதில்லை என்று இருசம்மாளுக்கு அவர் மேல் ஒரு பரிதாபம்.

இவ்வளவு தெரிந்தவளுக்குத்தான் போன தை மாதம், பொங்கல் கழிந்த நான்காம் நாள், குளித்துக்கொண்டிருக்கும்போது இடது மார்பில் கைக்கு ஒன்று தட்டுப்பட்டது.

வேப்பங்கொட்டை அளவு. வலி இல்லை. சோப்பை வைத்துவிட்டு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். இருந்தது. வேறு யாராவது என்றால் அது என்னவென்று தெரியாமல் இருந்திருப்பார்கள். இருசம்மாளுக்கு அது என்னவாக இருக்கலாம் என்றும், எந்த ரூமுக்குப் போக வேண்டும் என்றும், அங்கே திங்கள் வியாழனில் எந்த டாக்டர் இருப்பார் என்றும் அந்த நிமிடமே தெரியும். அறுவை சிகிச்சைப் பிரிவில் டாக்டர் செந்தமிழ்ச்செல்வி. அந்தக் கதவுக்குள் இதே மாதிரிக் கட்டியோடு அவள் மூன்று பெண்களை இட்டுப் போயிருக்கிறாள். இரண்டு பேர் ஆபரேஷன் செய்துகொண்டு இன்றைக்கும் களை வெட்டுகிறார்கள். மூன்றாவது பச்சையம்மாள். ஒன்றரை வருடம் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்து, புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகு வெளியே சொன்னவள். அவளை இருசம்மாள் பஸ் ஸ்டாண்டிலேயே வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். அறிவிருக்கா உனக்கு, பொழைக்கணும்னு ஆசை இல்லையா என்று கேட்டாள். பச்சையம்மாள் நாலாம் மாதம் போய்விட்டாள்.

அவ்வளவு திட்டியவள் ஈரத்துணியோடு சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு புடவையைக் கட்டிக்கொண்டு கரும்புக் காட்டுக்குப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பயம்தான், வேறொன்றுமில்லை. அடுத்தவருக்கு வந்தால் அது வியாதி, அதற்கு ரூம் உண்டு, டாக்டர் உண்டு, சீட்டு உண்டு. தனக்கு வந்தால் அது சாவு என்று நினைத்தாள். காலை இழுத்து நடக்கிற புருஷன் இருக்கிறார். மகன் ஜெயப்பிரகாஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மருமகள் ஷாலினி கைக்குழந்தையோடு வீட்டில். ஊரையே இழுத்துக்கொண்டு போகிற இருசம்மாளுக்கே கட்டி என்று தெரிந்தால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்ற மானக்கேடும் கொஞ்சம் இருந்தது. கரையட்டும் என்று விட்டாள்.

மாசியில் கரையவில்லை. அப்புறம் அவள் செய்ததுதான் வேடிக்கை. எந்த டாக்டரிடம் போகக் கூடாதோ அத்தனை டாக்டரையும் பார்த்தாள். சித்த மருத்துவரிடம் போய் உடம்பெல்லாம் சூடு என்றாள். அவர் சூரணம் கொடுத்து, புளியைக் குறைக்கச் சொன்னார். எலும்பு டாக்டரிடம் போய்த் தோள்பட்டை வலி என்றாள். அவர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு இரும்பாட்டம் இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லி, உடற்பயிற்சி சொல்லித் தருகிறவரிடம் அனுப்பினார். அவர் கையைச் சுவரில் வைத்து விரலால் ஏறச் சொன்னார். பத்து நாள் விடாமல் ஏறினாள். தோல் டாக்டரிடம் அரிப்பு என்றாள், களிம்பு வந்தது. ஒரு சந்தை நாளில் கச்சிராயபாளையம் வரைக்கும் போய், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற மூலிகைக்காரரிடம் கட்டி என்ற வார்த்தையைக்கூடச் சொல்லிவிட்டாள். எங்கே என்று அவர் கேட்டதும் முழங்காலைக் காட்டினாள். அவர் முழங்காலை அழுத்திப் பார்த்து, ஒன்றும் தெரியலையே அம்மா, எதுக்கும் அரைத்துப் போடு, மூன்று நாளில் கேட்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்று தழையைக் கொடுத்தார். முழங்காலுக்கென்று கொடுத்ததை அவள் எங்கே பூசினாள் என்பது அவளுக்கே வெளிச்சம்.

இதில் ஒரு டாக்டர் மேலும் குறை சொல்ல முடியாது. அவள் சொன்ன வியாதிக்கு ஒவ்வொருவரும் சரியான வைத்தியம்தான் பார்த்தார்கள். அவள் சொன்ன வியாதி எல்லாம் குணமாகியும்விட்டது. சொல்லாத ஒன்று மட்டும் வளர்ந்தது.

சித்திரையில் வீடு வீடாகப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற அம்மா வந்தார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களை மார்பில் கட்டி உண்டா என்று பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றார். பெண்கள் நாணிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவர்களைக் கதவைத் தட்டி வெளியே இழுத்து, வெட்கப்பட்டா வியாதி போயிடுமா என்று அதட்டி, வரிசையாக நிறுத்தியது யார்? இருசம்மாள்தான். முப்பத்தோரு பேரை நோட்டில் எழுதி முடித்த அந்த அம்மா, நீங்க எப்பக்கா என்று கேட்டார். நான் போன வாரமே பார்த்துக்கினேன் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் நாக்கு கொஞ்சமாவது தடுமாறியிருக்க வேண்டாமா? தடுமாறவில்லை.

வைகாசி கடைசியில் அது பாக்கு அளவாயிற்று. அக்குளில், அந்தக் கைக்குழிக்குள்ளும், சின்னதாக ஒன்று நெருடியது. அன்று சாயங்காலம் அவள் காசிநாதனிடம் போனாள்.

காசிநாதனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தியாகதுருகத்தில் ஒரு டாக்டரிடம் இருபத்திரண்டு வருடம் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டர் காலமானார், பை இவரிடம் தங்கிவிட்டது. அந்தப் பையை மொபட்டில் மாட்டிக்கொண்டு தினமும் நாலு மணிக்கு வந்து தண்ணீர் டேங்க் அடியில் உட்காருவார். ஊருக்கு அவர்தான் டாக்டர், ஏனென்றால் ஊசி போடுகிறார். தான் டாக்டர் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று காற்றில் சேதி வந்தால் ஒரு மாதம் ஆளைப் பார்க்க முடியாது. அவரிடம் போகாதே என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறவள் இருசம்மாள். அவரை நேருக்கு நேர் பார்த்தாலும் "இன்னா கம்பவுண்டரே, இன்னிக்கு எத்தினி பேருக்குக் குத்தினீங்க?" என்றுதான் கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அன்றைக்குக் கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டரே, தோள்வலி தாங்கலை. ஒரு ஊசி போடுங்க."

காசிநாதன் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றது. நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தினி வருஷமா என்னைத் தெரியும் உனக்கு?"

"ஒரு இருவது வருஷமா."

"இந்த இருவது வருஷத்துல என்னை ஒரு நாளாச்சும் டாக்டருன்னு கூப்புட்டிருக்கியா?"

அவர் ஊசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"ஊருக்கே என்கிட்ட வராதேன்னு சொல்றவ நீ. இப்ப யாருமில்லாத நேரமாப் பாத்து வந்து நிக்கிற. இது தோள்வலி இல்ல இருசம்மா. இன்னான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிக்கிற படிப்பும் என்கிட்ட கெடையாது. நான் டாக்டர் இல்ல." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. தனியா போவாத."

கேட்டவருக்கெல்லாம் ஊசி போட்டவர் காசிநாதன். கேட்காதவருக்கும் போட்டிருக்கிறார். அவர் ஊசி போட மறுத்ததை இருசம்மாள் அன்றுதான் பார்த்தாள். அந்த ஸ்கேன்காரர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் திங்கள்கிழமை. காலையில் ஷாலினியிடம் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்றாள். ஷாலினிக்கு இருபத்து நாலு வயது, ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த மூன்று வருடத்தில் மாமியாரிடம் ஒரு கேள்வி எதிர்த்துக் கேட்டதில்லை. யாருக்காக, எதற்காக என்று கேட்க வாயெடுத்து, கேட்காமலே குழந்தையை மாமனாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று இருசம்மாள் நினைத்தாள். தியாகதுருகம் வந்தது, சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி வந்தது, ஷேர் ஆட்டோவும் ஏறி இறங்கியாயிற்று, சொல்லவில்லை. ஷாலினியை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுச் சீட்டு வாங்கப் போனாள்.

ஜன்னலுக்குள் இருந்த பையனுக்கு அவளைத் தெரியும். இன்னிக்கு யாருக்குக்கா என்று தலை நிமிராமலே கேட்டான். எனக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பின்னால் வரிசையில் முண்டியடித்துக்கொண்டு இருபது பேர், அதில் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வேறு கையை ஆட்டிச் சிரித்தாள்.

"மருமவளுக்கு" என்றாள்.

ஷாலினி, வயது இருபத்து நாலு, பெண் என்று சீட்டு வந்தது. அதை மடித்து மூடிய கைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே போய் டாக்டரிடம் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள்.

டாக்டர் செந்தமிழ்ச்செல்வி கோட்டுப் போடுவதில்லை, அதிகம் பேசுவதும் இல்லை. இருசம்மாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஏனென்றால் இவள் வந்தால் வேலை சீக்கிரம் முடியும். சீட்டை வாங்கிப் பார்த்தார். ஷாலினியை முக்காலியில் உட்காரச் சொன்னார். துணைக்கு வந்த தன்னை எதற்கு உட்காரச் சொல்கிறார் என்று ஷாலினி அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். இருசம்மாளின் கை தானாக எழுந்து, எத்தனையோ பேரை உட்கார வைத்த அந்தப் பழக்கத்தில், மருமகளின் தோளைப் பிடித்து அமர்த்தியது.

"சொல்லுங்க இருசம்மா."

வாய் திறந்ததும் அது தன் பாட்டுக்கு ஓடிற்று. "எடது மார்ல கட்டிங்க. தை மாசம் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டுச்சு. அப்ப வேப்பங்கொட்டை கணக்கா இருந்துது, இப்ப பாக்கு கணக்கா இருக்குது. வலி இல்லீங்க. தண்ணி வடியலை. நேத்துலேர்ந்து கைக்குழியில இன்னொண்ணு சின்னதா நெருடுது."

டாக்டர் தலையை ஆட்டினார். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். வியாதியை எப்படி வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று இவங்ககிட்ட கத்துக்கங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, ஷாலினியைத் திரைக்குப் பின்னால் போய்ப் படுக்கச் சொன்னார்.

ஷாலினியின் முகத்தில் ரத்தம் இல்லை. அவளுக்கு மார்பில் கட்டி இல்லை, அது அவளுக்கே தெரியும். ஆனால் சொன்னது யார்? வயிற்றுப் பொருமல் என்று போன வீரமணிக்கு இதயம் என்று சொன்னவள். அத்தைக்குத் தெரியாமலா இருக்கும், தூங்கும்போதோ குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதோ பார்த்திருப்பாள், அதனால்தான் துணைக்கு வா என்று பொய் சொல்லி இட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை. எழுந்து திரைக்குப் பின்னால் போனாள்.

கையுறை மாட்டிக்கொண்டு டாக்டர் உள்ளே போனார். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஷாலினியின் அழுகை கேட்டது.

"எம் புள்ளைக்கு ஒண்ணர வயசுதாங்க ஆவுது" என்று அவள் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மாதமாகத் தான் சுமந்து திரிந்த பயத்தை ஒரு பச்சைப் பிள்ளைக்காரியின் மடியில் போட்டுவிட்டு இங்கே நிற்கிறோமே என்று இருசம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"அவளுக்கு இல்லீங்க டாக்டர். எனக்குத்தான்."

டாக்டர் ஷாலினியை எழுந்துகொள்ளச் சொல்லி, அந்த இடத்தில் இருசம்மாளைப் படுக்க வைத்தார். நிறைய நேரம் பார்த்தார். கைக்குழியில் அழுத்திப் பார்த்தார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே, நாளைக்கு ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனை, பிறகு ஸ்கேன், அநேகமாக ஆபரேஷன் என்றார். மாசியில் வந்திருந்தால் சின்ன வேலை, இப்போது பெரிய வேலை, ஆனால் செய்யலாம் என்றார். இருசம்மாள் ஜாக்கெட் ஊக்கை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இதே வார்த்தைகளை இதே இடத்தில் அவள் மூன்று தடவை கேட்டிருக்கிறாள், பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள். இன்றைக்குத்தான் அவற்றுக்கு அர்த்தம் தெரிந்தது.

"மாசியில ஏன் வரல?" என்று டாக்டர் கேட்டார்.

"வந்தனேங்க. மாசியில ரெண்டு தடவ வந்தேன், கொடலெறக்கக் கேஸு ஒண்ணு, மூலம் ஒண்ணு. பங்குனியில ஒரு தடவ. சித்திரையில மூணு." விரலை மடக்கினாள். "போன வாரம்கூட வந்தேங்க. மொத்தம் ஏழு."

"ஏழு தடவையும் என் எதிர்லதானே நின்னீங்க?"

"சீட்டு அவங்க பேர்ல இல்லீங்களா" என்றாள் இருசம்மாள். சாக்குச் சொல்கிற மாதிரி இல்லை, நியாயத்தை எடுத்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

டாக்டர் திட்டுவார் என்று அந்தப் பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். அவர் பேனாவை மேசை மேல் வைத்தார்.

"இதே கட்டி உங்க ஊர்ல வேற யாருக்காவது இருந்து, உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அன்னிக்கே மயிரப் புடிச்சு இழுத்துக்கினு வந்திருப்பேங்க" என்றாள் இருசம்மாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.